கம்பி மாற்றிய குடை

நாலு தோல்வி, ஒரு சமன்.
ஆறாவது ஆட்டத்துக்கு ரெஃபரி வரவில்லை.
வந்திருந்தால் அதுவும் தோல்விதான் என்றான் செபமாலை
மாலு பணிஸை இரண்டாகப் பிட்டு
சின்னப் பாதியை என் பக்கம் தள்ளி.

மஸ்கெலியாவில் எங்கள் கிளப்பின் நிலவரம் இது:
பொருளாளர் டுபாயில்.
சந்தாக் கொப்பி அவரோடு போனதா
அவருக்கு முன்பே போனதா, தெரியாது.
கோல் வலையில் நூலைவிடச் சணல் அதிகம்.
இடது விங் கொம்பனித்தெருவில் கோழி வெட்டுகிறது,
வலது விங் புறக்கோட்டையில் துணி மடிக்கிறது.
இரண்டு இறக்கையும் இல்லாத ஒன்றுக்குப்
பறக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்
இர்ஷாத் சேர்.

நீர்கொழும்பிலிருந்து ஒரு கிளப் அவரைக் கூப்பிடுகிறதாம்.
அந்த ‘தாம்’ எங்கிருந்து வந்ததென்று
ஒருவனுக்கும் தெரியாது.
சலூன்காரன் முகுந்தனைக் கேட்டால்
தலை வெட்ட வந்தவன் சொன்னான் என்கிறான்.
வந்தவனைக் கேட்டால்
முகுந்தன்தானே சொன்னான் என்கிறான்.

அன்றிலிருந்து அவரை வாசிக்கத் தொடங்கினோம்.
செவ்வாய், இரண்டு கிலோ லீக்ஸ் வாங்கினார்.
தனியாளுக்கு எதற்கு இரண்டு கிலோ?
கம்பளை வீட்டுக்குத்தான். போகிறார்.
புதன், அறை வாடகை கட்டினார், முழு மாதத்துக்கும்.
போகவில்லை.
வியாழன், பேக்கரிக் கடனைச் சதம் விடாமல் தீர்த்தார்.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.
கடன் இருந்தால் ஒரு மனிதன் திரும்பி வருவான்,
கடனும் தீர்த்தவனுக்கு
இந்த ஊரில் வேறென்ன இருக்கிறது?
வெள்ளி, குடைக்குக் கம்பி மாற்றக் கொடுத்தார்.

“ஓடப்போறவன் குடைக்குக் கம்பி மாத்துவானா?”
ஞாயிறு மாலை, செபமாலை கேட்டான்.
கோல் விழுந்த மாதிரி மேசையைத் தட்டினார்கள்.
நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

எல்லைக்கோட்டில் கடலை விற்கும் பாக்கியம்,
வார நாளில் மலையில் கொழுந்து எடுப்பவள்,
எங்களில் அதிகம் கத்துகிறவள்,
தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள்.
“பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு கிலோ குறைஞ்சா
எங்களுக்கு அரைப்பேரு.
அந்தாளுக்கு ஆறு மாசமா
அரைப்பேருகூடப் போடலியே நீங்க.
இதுல குடையப் பாக்குறீங்க, லீக்ஸப் பாக்குறீங்க.”

எல்லோரும் மழையைப் பார்த்தார்கள்.
மழை சும்மா பெய்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை.
அன்று விடியக்காலை நாலு மணிக்கு
அவரை ஹட்டன் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனவன் நான்.
ஒவ்வொரு வளைவிலும் கேள்வி தொண்டை வரை வந்தது.
ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிற மனிதனிடம்
போறீங்களா சேர் என்று
எப்படிக் கேட்பது?
நோர்வூட் தாண்டி அவரே பேசினார்.
“கோலி பையன் வலப்பக்கம் பாயப் பயப்படுறான் பாத்தீங்களா?
அங்க ஒரு கல்லு இருக்கு.
யாராவது எடுக்கணும்.”

டிக்கோயா வரை, இறங்கும் வரை,
வேறொன்றும் இல்லை.
பையின் வாயில் லீக்ஸின் பச்சைத் தலை.
மிச்சக் காசை வாங்காமல் போனார்.
திரும்பி வரும்போது என்னோடு ஏறியிருந்தது
‘யாராவது’ மட்டும்.

பின்சீட்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன்,
குடை.
ஒரு கம்பி மட்டும் புதிதாக மின்னியது.
மறந்திருந்தால் எடுக்க வருவார்.
வைத்துவிட்டுப் போயிருந்தால்,
நீர்கொழும்பில் வெயில்தானே.
இதைச் செபமாலையிடம் சொன்னால்
ஒரு வாரத்துக்கு வாசிப்பான்.
சொல்லவில்லை.

பேக்கரி கலைந்த பிறகு
பக்கத்துக் கராஜில் அலவாங்கு இரவல் வாங்கி
மைதானத்துக்குப் போனேன்.
ஹெட்லைட்டைக் கோல் பக்கம் திருப்பி வைத்தேன்.
குடை உள்ளேயே கிடந்தது, விரிக்கவில்லை.
அடுத்தவர் குடை.

கல் நினைத்ததைவிடப் பெரிசு.
மேலே தெரிந்தது முழங்கை அளவு,
கீழே ஒரு ஆட்டுக்கல்லே இருந்தது.
நனைந்து, வழுக்கி, இரண்டு தரம் விழுந்து,
பாதிதான் கிளப்ப முடிந்தது.